சார்லஸ் டிக்கன்ஸும் ஆறு பொட்டலங்களும்

ஒருவன் பொருளை ஆளும் முறை அவன் பொருளீட்டத் தொடங்கிய பின்னரே அமைகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். யாம் அவ்வாறு எண்ணவில்லை. காசு எங்கிருந்து வருகின்றது, வந்த காசு நிற்குமா ஓடுமா, காசில்லாதவனை உலகம் என்ன செய்யும் என்பன போன்ற எண்ணங்கள், பிள்ளை கூட்டல் கழித்தல் கற்கு முன்னரே, வீட்டிலுள்ளோர் பேச்சினாலும் முகக்குறிப்பினாலும் அவன் உள்ளத்திற் பதிந்துவிடுகின்றன. எவரும் அவற்றைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆதலின் எவரும் அவற்றைத் திருத்துவதுமில்லை. அப்பிள்ளை நாற்பது வயதினனாகிப் பணப்பெட்டியைத் திறக்கும்போதும் அந்தப் பழைய எண்ணமே அவனுடன் நிற்கின்றது. இதனை விளக்குதற்கு ஆங்கில நாவலாசிரியருள் தலைசிறந்தவராகிய சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்வை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவர் நாவல்களின் நயம் உரைப்பது எம் கருத்தன்று. அவர் எவ்வாறு ஈட்டினார், எவ்வாறு செலவிட்டார், எதற்கு அஞ்சினார் என்பதே எம் பொருள்.

டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். தந்தையாரைப் பெற்றோர் க்ரூ என்னும் பிரபு குடும்பத்து மாளிகையில் ஊழியம் செய்தவர்கள். தாய்வழிப் பாட்டனாரோ அதே சம்பள அலுவலகத்தில் உயர்ந்த பதவியிலிருந்து, பல ஆண்டுகள் பொய்க்கணக்கெழுதிப் பணத்தைக் கையாடி, 1810-இல் அகப்பட்டு நாட்டைவிட்டு ஓடியவர். பேரன் பிறந்தபோது பாட்டனார் பெயர் வீட்டில் மெல்லிய குரலிற் சொல்லப்படும் பெயராயிருந்தது போலும்.

ஜான் டிக்கன்ஸ் தீயவரல்லர். உழைப்பாளி; பிள்ளைகளிடம் அன்புடையவர்; நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் இரவும் பகலும் கண்விழித்திருப்பவர். விருந்தினர் வந்தால் மகிழ்வார், அழகாகப் பேசுவார், நல்ல மது வாங்குவார். வரவுக்கும் செலவுக்கும் இடையே ஓர் உறவு உண்டு என்பது மட்டும் அவர் அறிவிற்கு எட்டவில்லை. இன்றைய கடன் நாளைய வரவால் தீரும் என்பது அவருடைய உறுதி. சாத்தம் என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்த காலத்தில், சிறுவன் சார்லஸைக் கைப்பிடித்து உலாவ அழைத்துச் செல்லும்போது, காட்ஸ் குன்றின் மேலிருந்த ஒரு பெரிய வீட்டைக் காட்டி, நன்றாக உழைத்தால் நீயும் ஒருநாள் இவ்வீட்டில் வாழலாம் என்னும் கருத்துப்படக் கூறுவார். கடனாளியின் வாயிலிருந்து வந்த அவ்வுரையைப் பிள்ளை மறக்கவில்லை.

1822-இல் குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. கடனும் உடன் பெயர்ந்தது. தாயார் ஒரு பள்ளி நடத்திக் குடும்பத்தைத் தாங்க எண்ணி, ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கதவிலே பித்தளைப் பலகை மாட்டினார். ஒரு பிள்ளையும் சேரவில்லை. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குச் சென்றன. தந்தையின் புத்தகங்களைப் பழம்புத்தகக் கடைக்குச் சுமந்து சென்றவன் சார்லஸே. அப்புத்தகங்களே அவனுக்கு உயிராயிருந்தவை. அவன் பள்ளிப்படிப்பு நின்றது. அதே காலத்தில் அவன் தமக்கை பேனி அரச இசைக் கல்லூரியிற் சேர்ந்தாள். அதற்கு ஆண்டொன்றுக்கு 38 கினி கட்டணம். ஒரு பிள்ளைக்கு இசையும் மற்றொரு பிள்ளைக்கு அடகுக் கடையும் என்று எவரும் அமர்ந்து முடிவு செய்யவில்லை. பணத்தைப் பற்றி எம்முடிவும் செய்யாத வீடுகளில் முடிவுகள் தாமே நேர்ந்துவிடுகின்றன என்பதனைப் பள்ளியிற் பயிற்றுவோராகிய யாம் சம்பளம் கட்டும் மாதங்களிற் கண்டுவருகின்றோம்.

1824 பிப்ரவரியில், சார்லஸுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய இரண்டொரு நாளில், தேம்ஸ் ஆற்றங்கரையிலே ஹங்கர்போர்டு படித்துறையில் இருந்த வாரன் என்பார் பெயரால் நடந்த தொழிற்சாலையில் அவனைச் சேர்த்தனர். அங்கே பூட்ஸுக்கு மெருகிடும் கறுப்பு மை செய்தனர். எலிகள் ஓடும் இடிந்த கட்டடம். மை நிறைந்த சாடிகளின் வாயை எண்ணெய்த்தாளாலும் நீலத்தாளாலும் மூடி, நூலாற் கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவன் வேலை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைப்பு. வாரம் ஆறு அல்லது ஏழு ஷில்லிங் கூலி. இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பதை நினைவிற் கொண்டால் அக்கூலியின் சிறுமை விளங்கும்.

வேலைக்குச் சேர்ந்து இருவாரம் ஆகுமுன், பிப்ரவரி 20-ஆம் நாள், தந்தை கைதானார். ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் தரவேண்டிய 40 பவுனும் 10 ஷில்லிங்குமே காரணம். அக்காலத்து இங்கிலாந்தில் கடன் கொடுக்க மாட்டாதவனைச் சிறையில் அடைக்கலாம். சிறையிலிருந்து சம்பாதித்துக் கடனைத் தீர்ப்பது எங்ஙனம் என்று கேட்போருக்கு அச்சட்டத்தில் விடையில்லை. ஜான் டிக்கன்ஸ் அடைபட்ட இடம் தேம்ஸுக்குத் தெற்கே இருந்த மார்ஷல்ஸீ சிறை. சில வாரங்களில் தாயும் இளைய குழந்தைகளும் சிறைக்குள்ளேயே குடியேறினர்; அதற்கு இடமுண்டு. தந்தையின் அலுவலகச் சம்பளம் நிற்கவில்லை; வாடகையும் இல்லை, கடன்காரர் கதவைத் தட்டுவதும் இல்லை. ஆதலால், நெடுநாளாக வெளியில் இல்லாத வசதி அக்குடும்பத்திற்குச் சிறைக்குள்ளே கிடைத்தது! இது கண்டு நகைப்பதா இரங்குவதா என்று எமக்குத் தெரியவில்லை. முதன்முறை மகன் சிறைக்கு வந்தபோது தந்தை அழுதார். ஆண்டு வரவு இருபது பவுனாயின் அதற்கு ஆறு பென்னி குறையச் செலவிடுபவன் இன்புறுவான், ஒரு ஷில்லிங் மிகையாய்ச் செலவிடுபவன் துன்புறுவான் என்று அறிவுரையும் கூறினார். கூறியபின், அறையில் அடுப்பு மூட்டி உணவுக்கு ஏற்பாடு செய்தார். அறிவுரை பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. அஃது உரைத்தவருக்குப் பயன்படவில்லை.

சார்லஸ் வெளியிலே தனித்து விடப்பட்டான். கேம்டன் டவுனில் ஒரு மூதாட்டி வீட்டில் உறக்கம். உணவு முழுதும் அவன் கூலியிலிருந்தே. சனிக்கிழமை இரவு கிடைக்கும் அச்சில காசு அடுத்த சனி வரை நிற்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தான். காசை ஆறு சமபாகமாக்கினான். ஒவ்வொன்றையும் தாளிற் பொதிந்து சிறு பொட்டலமாக்கினான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிழமையின் பெயரை எழுதினான். கணக்கறையில் தனக்கென இருந்த இழுப்பறையில் ஆறையும் வைத்தான். திங்களின் காசு திங்களுக்கே. செவ்வாய் அதனைத் தொடலாகாது. நாள் முழுதும் சாடிகளுக்குச் சீட்டு ஒட்டிய கை தன் காசுக்கும் சீட்டு இட்டது.

எனினும் பிள்ளை பிள்ளையே. காலையில் டாட்டன்ஹம் கோர்ட் சாலை வழியே வேலைக்கு நடந்து வரும்போது, முந்திய நாள் மிஞ்சிய பணியாரங்களை மிட்டாய்க் கடைகளில் பாதி விலைக்கு வைத்திருப்பார்கள். பகலுணவுக்கான காசு அங்கேயே போய்விடும். அன்று பகல் ஒரு ரொட்டித் துண்டு, அன்றேல் பட்டினி. காசு இருந்த நாளில் இரு புட்டிங் கடைகளுள் எதற்குச் செல்வது என்று ஆராய்வான்: ஒன்றில் உலர்திராட்சை நிறைய, விலை மிகுதி, மற்றொன்றில் கனமும் பருமனும் மிகுதி, திராட்சை அங்கொன்றும் இங்கொன்றும். காசு இல்லாத நாளில் கோவன்ட் கார்டன் சந்தைக்குச் சென்று அன்னாசிப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் வீட்டிலிருந்து கொணர்ந்த ரொட்டியைப் புத்தகம்போல் தாளிற் சுற்றிக் கையிடுக்கிக்கொண்டு, ஒரு நல்ல உணவுக்கடையுட் புகுந்து, ஒரு சிறு தட்டு இறைச்சி வரவழைத்து உண்டான். பரிமாறியவன் இவ்விந்தையைக் காண மற்றொருவனையும் அழைத்து வந்தான். சார்லஸ் அவனுக்கு அரைப்பென்னி இனாம் கொடுத்தான்! இந்த அரைப்பென்னியை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டும். பொட்டலம் கட்டியது அச்சம். இனாம் கொடுத்தது தந்தையின் இரத்தம். இரண்டும் ஒரே பிள்ளையின் கையில் இருந்தன.

தந்தையின் விடுதலைக்குச் சட்டப்படி ஒரு சடங்கு நடந்தது. கடனாளி குடும்பத்தார் வைத்துக்கொள்ளும் உடையும் உடைமையும் இருபது பவுனுக்கு மேற்படலாகாது. ஆதலின் மதிப்பிடுவோன் முன் சார்லஸ் சென்று நிற்க நேர்ந்தது. அவன் பையில் பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் கடிகாரம் ஒன்று இருந்தது. அது தன் உடைமையை இருபது பவுனுக்கு மேல் ஏற்றிவிடுமோ என்று வழிநெடுக அஞ்சிச் சென்றான். மதிப்பிடுவோன் வாயிற் சோற்றுடன் வெளியே வந்து, ஒரு பார்வை பார்த்துப் போகவிட்டான். பிள்ளை தலை வணங்கி மீண்டான். மே 28-ஆம் நாள் தந்தை வெளிவந்தார்.

விடுதலையுடன் பிள்ளையின் வேலை நின்றதா? இல்லை, எவரும் அதனை நினைக்கவில்லை. தொழிற்சாலை வேறிடம் பெயர்ந்தபின் சிறுவர்கள் தெருச்சன்னல் ஓரத்தில் அமர்ந்து வேலை செய்ய, போவோர் வருவோர் நின்று வேடிக்கை பார்த்தனர். பின்னர்த் தந்தைக்கும் அத்தொழிற்சாலையை நடத்திய உறவினருக்கும் பிணக்கு நேர்ந்து சார்லஸ் வீடு திரும்பினான். தாயார் பிணக்கைத் தீர்த்து மறுநாளே மகனை மீண்டும் அனுப்ப முயன்றார். தந்தை மறுத்துப் பள்ளியில் விட்டார். தாய் அனுப்ப விரும்பியதை மகன் ஒருநாளும் மறக்கவில்லை. அவ்வேலையில் தான் கழித்தது எத்தனை மாதம் என்று கூட அவர் பிற்காலத்தில் அறிந்திலர். ஆயின் பொட்டலங்கள் ஆறு என்பதனை அறிந்திருந்தார்.

இவ்வோராண்டு அவருக்குக் கற்பித்தது யாது? வறுமை பொல்லாதது என்பதன்று. அதனை ஏழைகள் யாவரும் அறிவர். நேற்றுவரை புத்தகம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, காசு இல்லை என்ற ஒரே காரணத்தால், ஒரு வாரத்தில் உலகின் விளிம்பிலிருந்து கீழே தள்ளப்படலாம். அன்புள்ள தாயும் தந்தையும் அதனைப் பார்த்துக்கொண்டிருப்பர் என்பதையே கற்பித்தது. பிறர் வாக்கு நில்லாது. தன் கையால் ஈட்டித் தன் கையாற் பொதிந்து வைத்ததே நிற்கும். இவ்வெண்ணத்தோடுதான் அவர் பெரியவரானார்.

பதினைந்து வயதில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே சில்லறைச் செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பும் அவருடையது. இரவிற் சுருக்கெழுத்துக் கற்றார். பாராளுமன்ற நிருபராகி, 1834-இல் ஒரு நாளிதழில் வாரம் 5 கினி பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் மது வணிகர் கடனுக்காகத் தந்தை மீண்டும் கைதானார். இம்முறை மீட்டவர் மகன். 1836-இல் பிக்விக் கதையை மாதம் 14 பவுனுக்கு எழுத ஒப்பினார், திருமணமும் செய்துகொண்டார். ஷில்லிங் விலையில் மாதந்தோறும் வந்த அக்கதைப்பகுதி முடியுமுன் 40,000 படி விற்றது. டிக்கன்ஸுக்கு அப்பொழுது இருபத்தைந்து வயது.

புகழுடன் பதிப்பாளரோடு பிணக்கும் வந்தது. முதல் நூலின் பதிப்புரிமையை 100 பவுனுக்கு விற்றிருந்தார். அதனை மீட்க 1837-இல் 2,250 பவுன் கொடுக்க நேர்ந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப்பின் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் ஐயுற்றார். கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தையும் தமக்கு அநீதி என்று கருதினால் முறித்தார். அவரைப் பேராசைக்காரர் என்று பதிப்பாளர் சிலர் ஏசினர். யாம் அங்ஙனம் கூறோம். பிறருக்கு லாபம் குவியத் தான் கூலி பெறுவது என்பது அவருக்கு ஒரே ஒரு காட்சியையே நினைவூட்டியிருக்கும்.

தந்தையோ மகனின் புகழையும் கடனுக்கு ஈடு வைத்தார். பதிப்பாளரிடம் மகனறியாமற் கைம்மாற்று வாங்கினார். மகன் கையெழுத்திட்ட தாள்களை விற்றார். 1839-இல் டிக்கன்ஸ் பெற்றோரை இலண்டனிலிருந்து அகற்றி, எக்ஸிட்டர் நகரத்தருகே ஆல்பிங்டன் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 20 பவுன் வாடகையில் ஒரு குடிலில் அமர்த்தினார். அஃதும் பயன்படாமையால், 1841 மார்ச்சில், தம் பெயருடைய எவர் வாங்கிய கடனுக்கும் தாமும் தம் மனைவியும் வாங்கினாலன்றிப் பொறுப்பேலோம் என்னும் கருத்துடைய விளம்பரத்தைச் செய்தித்தாள்களில் இடுவித்தார். பெற்ற தந்தைக்கு எதிராக ஊரறிய விளம்பரம்! 1851-இல் தந்தை இறந்தபோது கடனைத் தீர்த்தவரும் இவரே. ஆயின் அதே தந்தையைக் கதையில் மிக்காபர் என்னும் மறவா மாந்தராக்கி, உலகமே அன்பு செலுத்தச் செய்தார். ஈந்த கை வேறு, வெறுத்த நெஞ்சு வேறு என்று பிரித்துரைக்க எம்மால் இயலவில்லை.

இனி அவர்தம் செலவைக் காண்போம். சிக்கனமாக வாழ்ந்தாரோ எனின், இல்லை. வண்ண மேற்சட்டைகள், பெரிய வீடுகள், நிறைந்த விருந்துகள், பத்துப் பிள்ளைகள். 1843 திசம்பரில் கஞ்சன் ஒருவனைப் பற்றிய கிறிஸ்துமஸ் கதையை வெளியிட்டார். ஏழைகளும் வாங்க வேண்டுமென்று விலை 5 ஷில்லிங் என்றார். அதே வேளையில் பொன்னெழுத்துக் கட்டும் வண்ணப் படங்களும் வேண்டுமென்றார். முதலில் அச்சிட்ட 6,000 படிகளும் சில நாளில் விற்றுத் தீர்ந்தன. ஆயிரம் பவுன் வரும் என்று எதிர்பார்த்தவருக்கு முதற் கணக்கில் வந்தது 230 பவுன். அன்றிரவு அவர் பட்ட பாடு காய்ச்சற்காரன் பாடு. அக்கதையைத் திருடி அச்சிட்டோர்மீது தொடுத்த வழக்கில் வென்றார். தோற்றவர் திவாலாகிவிட, வென்றவர் தலையில் 700 பவுன் வழக்குச் செலவு விழுந்தது. 1844-இல் குடும்பத்தோடு செலவு குறைந்த இத்தாலிக்குச் சென்றார். வேறு பதிப்பாளர், வரும் எட்டாண்டு எழுத்தில் காற்பங்குக்கு 2,800 பவுன் முன்பணம் அளித்தனர். சிறையும் சாடியும் நினைவில் நிற்க, பொன்னெழுத்தும் விருந்தும் வேண்டியிருந்தன. அரைப்பென்னி இனாமை நினைவு கொள்க.

1846-இல் தொடங்கிய டாம்பி கதையின் வருவாயோடு அவர் பணத்தட்டு நீங்கியது. நீங்கியது பெட்டியிலிருந்துதான்; உள்ளத்திலிருந்தன்று.

பிறர் துயர் துடைப்பதிலும் அப்பழைய கை தெரிகின்றது. பெருஞ்செல்வியாராகிய ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் அம்மையார் பொருளுதவ, 1847-இல் இலண்டனில் வழிதவறிய பெண்களுக்கென ஓர் இல்லம் தொடங்கி அதனைப் பல்லாண்டு டிக்கன்ஸே மேற்பார்த்தார். அங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. உண்மை, உழைப்பு, பொறுமை, தூய்மை முதலியவற்றுக்கு நாள்தோறும் மதிப்பெண், மதிப்பெண்ணுக்குக் காசு, சேர்ந்த காசு அவள் வெளிநாடு சென்று புதுவாழ்வு தொடங்கும்போது அவளுக்கு. இரக்கத்தையும் பொட்டலமாகக் கட்டிக் கிழமை எழுதியே கொடுத்தார். இது குறையன்று, கொடுப்பதிலும் அளவு வேண்டும் என்பதனைத் தந்தையிடம் எதிர்மறையாகக் கற்றவர் அவர். அவ்வில்லத்திலிருந்து ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று நல்வாழ்வு பெற்றோர் பலர்.

1856 மார்ச்சில், தந்தை சுட்டிக்காட்டிய காட்ஸ் குன்றத்து வீட்டை 1,790 பவுனுக்கு விலைக்கு வாங்கினார். இஃது அவர் வாழ்வின் இனிய செய்தி என்று எல்லோரும் எழுதுவர். எமக்கு மற்றொன்றும் தோன்றுகின்றது. ஒன்பது வயதில் மனத்தில் வைத்த வீட்டை நாற்பத்து நான்காம் வயதில் வாங்கியவருக்கு, வாங்கியபின் போதும் என்ற சொல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1858-இல் மனைவியைப் பிரிந்து அவருக்கு ஆண்டுக்கு 600 பவுன் ஏற்பாடு செய்தார். அவ்வாண்டே தம் கதைகளை மேடையில் நின்று படித்துப் பணம் பெறும் தொழிலையும் தொடங்கினார். அரங்குகள் நிறைந்தன. காசு கொடுத்தோர் முகத்தை நேரே காணும் தொழில் அது. அச்சகமும் பதிப்பாளரும் இடையில் இல்லை.

1867-இல் உடல் நலிந்திருந்தும், நண்பர் பாஸ்டர் தடுத்தும், அமெரிக்கா சென்றார். திசம்பர் முதல் ஏப்ரல் வரை 76 கூட்டம். சளியும் உறக்கமின்மையும் வாட்டின, கால் வீங்கிற்று, திண்ணிய உணவு செல்லவில்லை. அங்கே ஒன்று நிகழ்ந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்காக அமெரிக்க அரசு அச்சிட்ட காகித டாலர் பொன்னைவிட மதிப்புக் குறைந்திருந்தது. டிக்கன்ஸ் அக்காகிதத்தை நம்பவில்லை. ஏறக்குறைய 40 விழுக்காடு மிகை கொடுத்துப் பொன்னாக மாற்றினார்; ஐந்து டாலருக்குக் கிடைக்க வேண்டிய பவுனுக்கு ஏழு டாலரளவு கொடுத்தார். சில ஆண்டு காத்திருந்தால் இழப்பில்லை. 1879-இல் அக்காகிதம் பொன்னுக்குச் சமமாயிற்று. ஆயின், நாளை விலை ஏறும், அதுவரை காத்திரு என்பது ஜான் டிக்கன்ஸின் சொல். அச்சொல்லின்மீது மகனுக்கு நம்பிக்கை இல்லை. இழந்தது போக ஏறத்தாழ 20,000 பவுனோடு திரும்பினார்.

திரும்பியும் நிற்கவில்லை. 1869-இல் ஆலிவர் ட்விஸ்ட் கதையில் நான்சி கொலையுறும் பகுதியை மேடையில் நடித்துப் படிக்கலானார். ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பு மருத்துவர் அஞ்சும் அளவு ஏறிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் உடல் ஒரு பக்கம் தளர, மருத்துவர் பயணத்தை நிறுத்தினர். செல்வம் நிறைந்த ஒருவர் ஏன் இப்படி ஓடினார் என்று கேட்போர், இழுப்பறையில் ஏழாவது பொட்டலம் இல்லாததை நினைக்க வேண்டும். ஆறு நாளைக்கு இருக்கின்றது, அதற்கப்பால்? இவ்வினாவுக்கு எத்தனை ஆயிரம் பவுனும் விடையாகாது.

இனி, எமக்கு மிகவும் துயர் தருவது அவர் பிள்ளைகளின் செய்தி. டிக்கன்ஸ் வீட்டில் ஒழுங்கு மிகுதி. ஒவ்வொரு மகனுக்கும் தொப்பி மாட்டத் தனி முளை. நாள்தோறும் அறைச் சோதனை. எனினும் மூத்தவர் சார்லி காகித ஆலைத் தொழிலில் இழந்து 1868-இல் திவாலானார். கடற்படையிற் சேர்ந்த சிட்னி தந்தையின் பெயரிற் கடன்சீட்டு எழுதி, முடிவில் வீட்டு வாயிலை மிதிக்க வேண்டா என்னும் நிலைக்கு ஆளானார். ஆஸ்திரேலியா சென்ற ஆல்பிரெட் உடை தைத்த கடன்களைத் தந்தைக்கு விட்டுச் சென்றார். வால்டர் 1857-இல் பதினாறு வயதிற் படைப்பணிக்கு இந்தியா வந்தவர். இங்கே கடன்பட்டு, நோயுற்று, 1863 திசம்பர் 31-ஆம் நாள் கல்கத்தாவில் இறந்தார். செய்தி தந்தைக்கு எட்டியது 1864 பிப்ரவரி 7, அவருடைய பிறந்தநாள். பின்னர் மகன் விட்டுச்சென்ற கடன்களின் பட்டியலும் வந்து சேர்ந்தது. வால்டரின் கல்லறைக் கல் 1987-இல் அந்நகரத்துத் தெற்குப் பூங்காத் தெரு இடுகாட்டுக்கு மாற்றப்பெற்று அங்கே உள்ளது.

தந்தையின் குணம் தம்மைத் தாண்டிப் பேரரிடம் இறங்கிவிட்டது என்று டிக்கன்ஸ் மனம் நொந்தார். யாம் குருதியை மட்டும் குறை கூற மாட்டோம். அப்பிள்ளைகள் கண்டது எது? பெரிய வீடு, குதிரை, விருந்து, கேட்டபோது வரும் பணம். அவற்றினிடையே ஓயாது சினந்து கணக்குக் கேட்கும் தந்தை. அவர் ஏன் சினக்கின்றார் என்பது அவர்களுக்குத் தெரியாது. மையாலையைப் பற்றியும் மார்ஷல்ஸீயைப் பற்றியும் அவர் ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லை. நண்பர் பாஸ்டருக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். அவ்விடத்தைக் கடந்து செல்ல நேர்ந்தால் நெடுங்காலம் வேறு தெருவே சுற்றிச் சென்றவர், வீட்டிலும் வேறு தெருவே சுற்றினார். நாணத்தால் மறைத்தார் என்பதை உணர்கின்றோம். ஆயின், காரணத்தை மறைத்துக் கட்டளையை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்குக் கட்டளை சுமையாகும். காரணம் தெரிந்தவனுக்கே அது கருவியாகும். தாம் பட்ட கடனையும் பசியையும் பிள்ளைகள் அறியலாகாது என்று மூடி வைக்கும் பெற்றோர் நம்மிடையும் மிகப் பலர். அவர்கள் நோக்கம் நல்லதே.

பிள்ளைகளுள் ஹென்றி ஒருவரே கணக்கறிந்து வாழ்ந்தார். 1868-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளித்து, கடன் படலாகாது, நேர்ந்தால் ஒளிக்கலாகாது என்று தந்தை கண்டிப்பாய் எழுதினார். அவர் பின்னாளில் வழக்கறிஞராய் உயர்ந்தார். 1869 கிறிஸ்துமஸில் காட்ஸ் குன்றத்து வீட்டில் நடந்ததை எழுதி வைத்தவரும் அவரே. குடும்பத்தார் நெருப்பைச் சுற்றி அமர்ந்து நினைவு விளையாட்டு ஆடினர். ஒருவர் ஒரு சொல் சொல்ல, அடுத்தவர் அதனைச் சொல்லித் தம் சொல்லையும் சேர்க்க வேண்டும். டிக்கன்ஸ் நீண்ட வரிசை முழுதையும் பிழையின்றிச் சொன்னார். பின்னர்க் கண்ணில் ஒரு விந்தையான ஒளியோடும் குரலில் ஒரு மாறுபாட்டோடும் வாரன் மை ஆலையின் பெயரையும், ஸ்ட்ராண்ட் தெரு 30-ஆம் எண் என்னும் அதன் முகவரியையும் தம் சொல்லாகச் சேர்த்தார். ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லை. அடுத்தவர் அதனையும் மனப்பாடமாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

ஆறு திங்கள் கழித்து, 1870 சூன் 9-ஆம் நாள், அவ்வீட்டிலேயே டிக்கன்ஸ் காலமானார். அவர் விட்டுச் சென்றது 93,000 பவுன். அதிற் பாதியளவு மேடையில் நின்று படித்து ஈட்டியது. அடுத்த ஆண்டின் இறுதியில் பாஸ்டர் எழுதிய வரலாற்றின் முதற்பகுதி வெளிவந்தது. ஆறு பொட்டலங்களையும், பாதி விலைப் பணியாரத்தையும், வெள்ளிக் கடிகாரத்தையும், உலகத்தாரோடு சேர்ந்து அவர் பிள்ளைகளும் அந்நூலிற் படித்தே அறிந்தனர்.